பாபுவுக்குக் கிடைத்த அவகாசம்

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' ஒரு சிரிப்பு நாவல் என்று சொன்னால் கும்பகோணத்துக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். ஏக்கம், தம்பூரா, தூக்கமில்லாத இரவு, யமுனாவின் மௌனம் என்றுதான் அது எல்லோர் நினைவிலும் தங்கியிருக்கிறது. 1995இல் ஞான ராஜசேகரன் எடுத்த படமும் இளையராஜாவின் இசையும் அந்த நினைவுக்கு இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்த்துவிட்டன. எனக்கும் வெகுகாலம் அது சோகப் புத்தகம்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு, தை அறுவடை முடிந்து கையில் வேலையில்லாத நாட்களில் மறுபடி எடுத்துப் படித்தபோது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்.

கல்லூரி விடுதியில் எங்கள் கைக்கு வந்த பிரதி முதுகு உடைந்தது. பலர் கை மாறி, அட்டை போய், காலண்டர் தாளில் மேலுறை போட்டிருந்தது. மேசைமேல் வைத்தால் தானாகவே ஒரே இடத்தில் விரிந்துகொள்ளும். கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண் தங்கம்மா, கதாநாயகன் பாபுவின் அறைக்கு வரும் இரவு அது. அந்தப் பக்கங்களின் ஓரம் மட்டும் கறுத்துப்போயிருந்தது, மற்றதெல்லாம் புத்தம் புதிதாக இருந்தது என்று சொன்னால் மிகைதான். ரொம்ப மிகையில்லை.

இருபது வயதில் நாவல் படிக்கிறவன் கதாநாயகன் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் போவான். பாபு தவித்தால் நாங்களும் தவித்தோம். பத்து வயது மூத்தவளான யமுனாவை அவன் தெய்வமாக்கிக் கும்பிட்டபோது நாங்களும் ஆளுக்கொரு யமுனாவைத் தேடி வைத்துக்கொண்டோம். அப்போது யாரும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. தி. ஜானகிராமன் பிறந்தது 1921இல், மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில். 1950களின் நடுவில் மோகமுள் சுதேசமித்திரனில் தொடராக வந்துகொண்டிருந்தபோது அவருக்கு முப்பத்தைந்தை ஒட்டிய வயது. வாத்தியார் வேலையை விட்டு, 1954இல் சென்னை வானொலிக்கு வந்துவிட்டவர். குடும்பஸ்தர். அவர் எழுதுவதோ கும்பகோணம் கல்லூரியில் படிக்க வந்த ஒரு பையனைப் பற்றி. அந்தப் பையனைவிட எழுதுகிறவர் மிகவும் மூத்தவர். அவன் போகப்போகிற மேடு பள்ளமெல்லாம் அவருக்குத் தெரியும். பாபுவைப் பார்த்து அவர் சிரிக்கிறார். எங்களுக்கு அது காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

தங்கம்மாவோடு அந்த இரவு கழிந்ததும் பாபு என்ன செய்கிறான்? குற்ற உணர்ச்சி தாங்காமல் யமுனாவிடம் போய் நிற்கிறான். உனக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்கிற தோரணையில் கொட்டித் தீர்க்கிறான். இவன் தன்னைக் காதலிக்கிறான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்! இருக்கிறதாகவே அவளுக்குத் தெரியாத ஓர் உறவுக்கு இவன் துரோகம் செய்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்கிறான். விடுதியில் இந்த இடத்தைப் படித்துவிட்டு ஒருவன் இரவுச் சாப்பாட்டுக்கு வராமல் படுத்துக்கொண்டான். இப்போது படித்தால், யமுனா எப்படிச் சிரிக்காமல் இருந்தாள் என்றுதான் தோன்றுகிறது. தி.ஜா. ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ கிண்டல் செய்வதில்லை. பையனை முழுக்க நம்பி, அவன் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். தமிழில் இவ்வளவு முகம் சுளிக்காமல் நகைச்சுவை எழுதியவர்கள் குறைவு.

ராஜம் இருக்கிறான். பாபுவின் நண்பன், எதையும் நிதானமாக யோசித்து, பிசிறில்லாமல் பேசுகிறவன். அவனவன் வாழ்க்கையில் இப்படி ஒரு நண்பன் உண்டு. பிரச்சினை யாருடையதாக இருந்தாலும் அவனிடம் ஒரு விளக்கம் இருக்கும். பாலூர் ராமு இருக்கிறார். பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவிடம் கற்றுக்கொண்டு போய்க் கச்சேரி உலகத்தில் கொடிகட்டிப் பறக்கிற வித்துவான். அவரை வில்லனாக்கியிருக்கலாம். தி.ஜா. அப்படிச் செய்யாமல், வெற்றி பெற்ற மனிதருக்கே உரிய கலகலப்போடு அவரை உலவவிடுகிறார். அந்த வெற்றி நமக்கு வேண்டாம் என்று பாபு மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பும்போது, இரண்டு பேர்மேலும் நமக்குப் பிரியம் வருகிறது.

ரங்கண்ணாவின் விஷயம் வேறு. காக்கை கரைவதிலும் தெருவின் சாதாரணச் சத்தங்களிலும் சுருதி கேட்கிற கிழவர். உமையாள்புரம் சுவாமிநாத ஐயரை மனதில் வைத்து எழுதியது என்று சொல்வார்கள். செம்மங்குடிக்கும் மகாராஜபுரம் விசுவநாத ஐயருக்கும் குருவாக இருந்தவர் அவர். ரங்கண்ணா வரும் பகுதிகளைச் சங்கீதம் தெரிந்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எனக்கு அவ்வளவு ஞானம் போதாது. ஆனால் பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில் பாடம் தொடங்குவதற்கு முன்னால் நடக்கிற ஒன்றுமில்லாத பேச்சு எனக்குத் தெரியும். வெற்றிலைச் செல்லம் திறக்கும். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாய்க்குள் போவதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்திருக்கும். மீதிப் பாதிக்கு வாய் திறக்க முடியாது, கையால் சொல்வார்கள். பாடம் எப்போது என்று கேட்டால் முறைப்பார்கள். அந்தத் திண்ணையின் வேகம்தான் நாவலின் வேகம்.

இந்த முறை என்னை நிறுத்திய கேள்வி இதுதான். பாபுவுக்கு இத்தனை அவகாசம் எங்கிருந்து வந்தது? கல்லூரியில் சில வருஷம், ரங்கண்ணாவிடம் சில வருஷம், பிறகு சென்னையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, கடைசியில் குரலைப் பக்குவப்படுத்திக்கொள்ள மகாராஷ்டிரத்துக்கு ரயில். ஆள் கிட்டத்தட்ட பத்து வருஷம் மனம்போல இருக்கிறான். 'எப்போதடா சம்பாதிப்பாய்?' என்று யாரும் அவன் கழுத்தைப் பிடிக்கவில்லை. பாபநாசத்தில் இருக்கிற அப்பா வைத்தி, மகன் பாட்டில் தேறினால் போதும் என்கிற மாதிரி மனிதர்.

பையன் பெரியவனாகும் கதை எந்த மொழியில் எழுதப்பட்டாலும், பையனுக்கு வீணாக்கக் கொஞ்சம் காலம் வேண்டும். ருஷ்யாவில் துர்கனேவ் 1860இல் எழுதிய 'முதல் காதல்' கதையில் பதினாறு வயதுப் பையன் தன்னைவிட மூத்த ஜினைதாவின் பின்னால் ஒரு கோடை முழுவதும் அலைகிறான். பரீட்சைக்குப் படிக்க வந்தவன் புத்தகத்தைத் தொடுவதில்லை. அலையவிடுவதற்குப் பண்ணை வருமானம் உள்ள வீடு. பிரான்ஸில் ஃப்ளொபேர் 1869இல் வெளியிட்ட 'உணர்ச்சிக் கல்வி' நாவலின் ஃபிரெடெரிக், கல்யாணமான ஆர்னூ அம்மையாரை நினைத்தே பாதி ஆயுளைக் கழிக்கிறான். அவனுக்கு ஒரு பெரியப்பா சொத்து வந்து சேர்கிறது. நம் பாபுவுக்குப் பண்ணையும் இல்லை, சொத்தும் இல்லை. அவனுக்கு இருந்தது தஞ்சாவூர் ஜில்லா.

1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு டெல்டாவின் நாட்காட்டியே மாறியது. ஜூன் 12 என்றால் தண்ணீர் திறப்பு என்பது வழக்கமாயிற்று. நூறு நாள் சொச்சத்தில் குறுவை, அதன்மேல் தாளடி, இல்லையென்றால் ஐந்து மாதத்துச் சம்பா. விதைத்தவனும் நட்டவளும் சேற்றில் நின்றார்கள். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டுவிட்டு அக்கிரகாரத்துத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு அறுவடைக்கும் அறுவடைக்கும் நடுவில் நீளமான மத்தியானங்கள் கிடைத்தன. அந்த மத்தியானங்களில்தான் சங்கீதம் வளர்ந்தது, சீட்டுக்கட்டு வளர்ந்தது, அடுத்த வீட்டு வம்பும் வளர்ந்தது. நிலம் இல்லாத வைத்தி போன்றவர்களுக்கும் அந்த நிழல் கொஞ்சம் கிடைத்தது. பாட்டுக்காரனுக்கும் பிரசங்கிக்கும் வாத்தியாருக்கும் ஊரில் ஒரு கவளம் இருந்தது. தி.ஜா.வின் தந்தையே ராமாயணப் பிரவசனம் செய்தவர். நாவலில் எல்லோரும் இத்தனை இலேசாகப் பேசிக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு, மன்னித்துக்கொண்டு இருக்க முடிவதற்கு அடியில் நெல் இருக்கிறது.

நெல்லை விளைவித்தவர்கள் நாவலில் இல்லை. தொடர் வருவதற்குச் சில வருஷம் முன்னால்தான், 1952இல், தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து கிராமமெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மோகமுள் புத்தகமானது 1964இல். நான்கு வருஷம் கழித்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, நெல் விளைவித்த குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அதைப் பற்றிக் 'குருதிப்புனல்' எழுதி 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்திரா பார்த்தசாரதி, கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் தி.ஜா.விடம் படித்த மாணவர். வாத்தியார் எழுதியதையும் மாணவர் எழுதியதையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒரே ஜில்லா என்று நம்புவது கஷ்டம். இதை வைத்து தி.ஜா.வைக் கூண்டில் ஏற்றும் விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திண்ணையில் இருந்தவர்களைத் திண்ணையில் இருந்தபடி எழுதினார்; அதில் பொய் சொல்லவில்லை.

எங்கள் விடுதியில் அவகாசம் என்பது தபாலில் தீர்மானமாகும். நான் வலங்கைமான் பக்கத்துச் சின்ன விவசாயி வீட்டுப் பையன். பாபுவின் ஏக்கத்தை எல்லாம் சொந்தமாக்கிக்கொண்டு காவிரிப் பாலத்தில் சாய்ந்து நிற்கிற நேரத்தில் அப்பாவின் கார்டு வந்துவிடும். நாற்று முற்றுகிறது, நடவுக்கு ஆள் போதவில்லை, வெள்ளிக்கிழமை வந்து சேரவும். மோகம் முப்பது நாள் என்பார்கள். எங்களுக்கு அது நாற்றுப் பறிக்கிற வரைக்கும்தான். விடியற்காலையில் நாற்றங்காலில் இறங்கி, பறித்த நாற்றின் வேரை முழங்காலில் அடித்துச் சேற்றை உதறி, முடி கட்டிக் கட்டிப் பின்னால் போடும்போது யமுனா எங்கே ஞாபகத்துக்கு வருவாள்? இடுப்புத்தான் ஞாபகத்துக்கு வரும்.

நாங்கள் படித்த அந்தக் கும்பகோணம் கல்லூரியே அவகாசத்துக்குப் பேர்போனது. 1854இல் தொடங்கியது. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று எங்கள் காலத்திலும் வாத்தியார்கள் சொல்லிக்கொள்வார்கள். கணிதமேதை ராமானுஜன் கணக்கையே போட்டுக்கொண்டிருந்து மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உபகாரச் சம்பளத்தை இழந்தது இங்கேதான். தி.ஜா.வும் எம்.வி. வெங்கட்ராமும் ஒன்றாகப் படித்ததும் இங்கே. கரிச்சான் குஞ்சுவும் இவர்களுக்கு நண்பர். அவருடைய 'பசித்த மானிடம்' இதே மண்ணில் ஒரு பையன் வளர்கிற கதைதான். அதில் வயிறு பேசுகிறது. சிரிக்க இடமே கிடையாது. பாபுவுக்குப் பசி எடுத்திருந்தால் மோகமுள் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அதைப் படிக்கலாம்.

பாபுவின் அவகாசத்துக்கும் யமுனாவின் காலத்துக்கும் உள்ள கணக்குத்தான் மறுவாசிப்பில் பெரிதாகத் தெரிந்தது. அவள் துக்காம்பாளையத் தெருவில் இருக்கிறாள். தாய் பார்வதி பாய் மராட்டியக்காரி. தந்தைக்கு இரண்டாவது குடும்பம். 1676 தொடங்கி 1855 வரை தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டார்கள். அரண்மனை போயிற்று, சரஸ்வதி மகால் நின்றது, மராட்டி பேசுகிற குடும்பங்கள் நின்றன. அந்த மிச்சத்தில் ஒருத்தி யமுனா. பெண் பார்க்க வருகிறவர்கள் வருகிறார்கள், பலகாரம் சாப்பிடுகிறார்கள், பிறப்பைக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். தந்தை வழி ஆதரவு வற்றுகிறது. பாபு வளர்வதற்கு எடுத்துக்கொண்ட அதே பத்து வருஷம் இவளுக்குத் தேய்வதற்கு ஆகிறது. கடைசியில் சென்னைக்கு அவள் வந்து நிற்கும்போது இருக்கிற கோலத்தை தி.ஜா. மூடி மறைக்கவில்லை. ஃப்ளொபேரின் நாவலிலும் கடைசியில் அம்மையார் தேடி வருகிறாள். தொப்பியைக் கழற்றினால் நரைத்த தலை. ஃபிரெடெரிக் பின்வாங்கிவிடுகிறான், பின்வாங்கியதையும் தன் பெருந்தன்மையாக எண்ணிக்கொள்கிறான். பாபு பின்வாங்கவில்லை. அந்த மட்டுக்கும் கும்பகோணத்துப் பையன் பாரிஸ்காரனைவிட மேல்.

அதற்கப்புறம் யமுனா கேட்கிற கேள்வி இருக்கிறதே, அதுதான் நாவலின் பெயரைவிடப் பிரபலம். இத்தனை வருஷத் தவமும் தவிப்பும் எதற்காக, இதற்காகத்தானா என்ற பொருளில் ஓரிரு சொல்லில் கேட்டுவிடுகிறாள். விடுதியில் இதற்கு நாங்கள் சொன்ன வியாக்கியானம் கொஞ்சநஞ்சமில்லை. உடலின் வெறுமை என்றான் ஒருவன், உபநிஷத்து என்றான் இன்னொருவன். இந்த முறை படித்தபோது அந்தக் கேள்வி ஒரு பெண் இயல்பாகச் சிரித்துக்கொண்டு கேட்கக்கூடிய கேள்வியாகவே இருந்தது. பையன் ஊரையே தலைகீழாக்கி ஒரு பண்டம் கேட்டு அழுதிருக்கிறான், கொடுத்தாயிற்று, போதுமா என்கிறாள். அதில் கசப்பும் இருக்கிறது. இவன் அழுத அழுகையில் அவளுடைய பத்து வருஷமும் போனதே, அந்தக் கசப்பு. ஆனாலும் கேட்கிறவள் குரலில் பிரியம் குறையவில்லை. கதாநாயகனைப் பார்த்து நாவலாசிரியர் இத்தனை நேரம் அடக்கிவைத்திருந்த சிரிப்பை அவள் வாயால் சிரித்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

சிரிக்க முடியாத ஓர் இடம் உண்டு. விடுதிப் பிரதி தானாக விரிந்துகொண்ட அதே இடம். தங்கம்மாவுக்கு இந்த நாவலில் அவகாசமே கிடையாது. கிழவரைக் கட்டிவைத்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. பாபுவிடம் வந்தாள், ஒரு முறை வாங்கிக்கொண்டவன் மறுமுறை தள்ளிவிட்டான். உயிரை மாய்த்துக்கொண்டாள். பாபு கலங்குகிறான், தன்னையே நொந்துகொள்கிறான், பிறகு நாவல் அவனைக் கூட்டிக்கொண்டு ரங்கண்ணா பக்கம் போய்விடுகிறது. பையன் பெரியவனாவதற்கு ஒரு படிக்கட்டாக அவள் செத்திருக்கிறாள். தி.ஜா.வின் மற்ற எழுத்தில் இப்படி அவசரப்பட்டு நகர்ந்த இடத்தை நான் பார்த்ததில்லை. 'பாயசம்' கதையில் ஒரு கிழவரின் பொறாமையைக்கூட எத்தனை பொறுமையாக உட்கார்ந்து பார்க்கிறார்! 'துணை' கதையில் பென்ஷன் வாங்கப் போகிற கிழங்களோடு எவ்வளவு நேரம் வண்டியில் போகிறார்! தங்கம்மாவோடும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். வாரா வாரம் தொடர் எழுதுகிறவருக்குப் பாபுதான் கதை, பாபுவைக் கவனிக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் எனக்கே போதவில்லை.

எங்கள் பக்கம் இப்போது ஜூன் 12 என்ற தேதியையே யாரும் நம்பி விதை எடுப்பதில்லை. 2012இல் தொடங்கி எட்டு வருஷம் அந்தத் தேதியில் மேட்டூர் திறக்கவில்லை. 2020இல்தான் மறுபடி திறந்தார்கள். போர் போட்டவன் நடுகிறான், மற்றவன் வானத்தைப் பார்க்கிறான். நடவுக்கும் அறுப்புக்கும் மிஷின் வந்துவிட்டது, நாற்று முடியை முழங்காலில் அடிக்கத் தெரிந்த பையன் தெருவுக்கு ஒருவன் தேறினால் அதிகம். ஆனால் மிஷின் மிச்சம்பிடித்த நேரம் யார் கைக்கும் வந்த மாதிரி தெரியவில்லை. கும்பகோணத்தில் சாயங்காலம் கல்லூரி விட்டு வருகிற பிள்ளைகள் நேராகப் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போகிறார்கள். பாலத்தில் சாய்ந்து நின்றால் செல்பி எடுக்கிற நேரம்தான்.

என் அண்ணன் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். தாம்பரத்திலிருந்து ரயிலில் போகும்போது படிக்க ஏதாவது கொடு என்றாள், மோகமுள்ளைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஃபோன்.

"சித்தப்பா, இந்த பாபு எப்பதான் ஒரு வேலைக்குப் போவான்? பாதி புத்தகம் தாண்டியாச்சு."

"போவான், இன்ஷூரன்ஸ் கம்பெனி. பொறுமையா படி."

"எங்க ஆபீஸா இருந்தா மூணாம் மாசமே அனுப்பியிருப்பாங்க." அப்புறம் சிரித்தாள். "ஆனா ஜாலியா இருக்கு சித்தப்பா. எல்லாரும் சும்மா உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க."

அவள் சோகப் புத்தகம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்காததுதான் காரணமாக இருக்க வேண்டும். தங்கம்மா செத்ததும் இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லையாம்; அதை மட்டும் தனியாகச் சொன்னாள். யமுனாவின் கேள்வி வந்த அன்று ரயிலிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டதாகவும், எதிரில் இருந்த அம்மாள் என்னம்மா என்று விசாரித்ததாகவும் சொன்னாள். என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்து தி.ஜா.வின் 'அம்மா வந்தாள்' வேண்டுமாம். அண்ணி வீட்டில் இருக்கும்போது அதை எப்படிக் கையில் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.